கழிபொருளும் நிலத்தின் கோலமும்

அவுஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் சிலர் பிறர் கழித்த பொருள்களைக் கொண்டு கலை செய்கின்றனர். அதனைப் போற்றுவோர் பலர், குப்பை அழகாயிற்று என்று வியப்பதோடு அமைந்துவிடுகின்றனர். இவ்வியப்பு அக்கலையின் உயிர்நிலையைத் தொடுவதாயில்லை.

அவுஸ்திரேலியாவின் வடபாகத்தில் வாழும் யொல்ங்கு மக்களிடையே ஒரு நியதி உண்டு. நிலத்தை எழுதப் புகுவோன் நிலம் தந்த பொருள்களாலேயே எழுதுதல் வேண்டும். மரப்பட்டையும் காவிமண்ணுமே அவர் நெடுங்காலம் கையாண்டவை. அவர்தம் கோலம் ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கும் ஓரிடத்துக்கும் உரியது. அதனை எழுதும் உரிமை நிலவுரிமையோடு பிணைந்தது. 1963 இல் யிர்க்கலா மக்கள் போக்சைற்றுச் சுரங்கத்தின் பொருட்டுத் தம் நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தபோது, கோலந் தீட்டிய மரப்பட்டைகளில் அவ்விண்ணப்பங்களை ஒட்டி அனுப்பியமை இதனாலன்றோ? 1971 இல் நீதிமன்றம் அவர்க்கென ஒரு சட்டமுறை உண்டென ஒப்பியது. நிலம் அவர்க்குரியதென ஒப்பவில்லை. சுரங்கம் நடந்தது.

சுரங்கத்தில் மண் சுமந்து தேய்ந்து கழிந்த றப்பர்ப் பட்டிகளிலேதான் குன்பி கனம்பார் தம் குலக்கோலங்களைச் செதுக்கினார். இது நியதியை மீறிய செயலா? அன்று. நிலத்திற் கண்டெடுத்தது நிலத்தைச் சார்ந்ததே என்பது அவர் கொள்கை. நியதி வினாவுவது பொருள் இயற்கையா செயற்கையா என்பதையன்று, எவ்விடத்தது என்பதையே. மண்ணை அகற்றிச் சென்ற பட்டியின்மீது அம்மண்ணுக்குரியார் தம் உரிமையை மீளவும் எழுதினர் எனலாம். தீட்டிய கோட்டை மேற்பூசி மறைத்தல் கூடும். வெட்டிய கோட்டுக்கு அவ்வசதி இல்லை.

2018 இல் அலுமினியப் பலகையிற் செதுக்கிய ‘புய்கு’ என்னும் படைப்புக்காக அவர் டார்வின் நகரிலே தேசிய பழங்குடிக் கலைப் பரிசின் முதன்மை விருதைப் பெற்றார். மீன் பிடிக்கும் அணையைப் பொருளாகக் கொண்ட அதன் நுண்கோடுகள் ஓடுநீர்போல் ஒளிர்கின்றன. எனினும், கரிய றப்பரில் உள்ள வன்மை இம்மினுக்கத்தில் இல்லை. விருது பெற்றதே சிறந்ததென்று கொள்ளவேண்டியதில்லை.

தென்கிழக்கில் லொறெய்ன் கொனலி நோதியின் வழி வேறு. வரஜெரி குலத்துப் பெண்கள் நாரினாற் பின்னிய பையை அவர் துருவேறிய கம்பியாலும் தகரத்தாலும் ஆக்குகின்றார். குடியேறினோர் நிலத்தைக் கூறுபடுத்தி வேலியிட்டதும் இத்தகைய கம்பியாலேதான். தாய்மார் தோளில் மென்மையாய்த் தொங்கிய அப்பை, இவர் கையில் முள்ளும் கூருமாய்ச் சுவரிலே தொங்குகின்றது.