மன்னாருக்கு எந்த ரெய்ஸ்?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கியது. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வாகனங்களையே கைமாற்றிக்கொண்டிருந்த இலங்கைச் சந்தைக்கு ஜப்பானிலிருந்து புதியவை வந்து இறங்கின. அவற்றில் அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்று டொயோட்டா ரெய்ஸ் என்ற சிறிய கிராஸ்ஓவர். வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஹைபிரிட்டை எடுப்பதா, சாதாரண பெற்றோலை எடுப்பதா? இதற்குக் கொழும்பில் கிடைக்கும் பதில் மன்னாருக்குப் பொருந்தாது.

பெயர் டொயோட்டா என்றாலும் இதை வடிவமைத்துத் தயாரிப்பது டைஹட்சு. அதே வாகனத்தை டைஹட்சு ‘ரொக்கி’ என்று விற்கிறது. 2019 நவம்பரில் ஜப்பானில் அறிமுகமானபோது 996 சி.சி. டர்போ எஞ்சின் மட்டுமே இருந்தது. 2021 நவம்பரில் 1196 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினும், அதே கொள்ளளவில் ஹைபிரிட்டும் சேர்ந்தன. இரண்டிலும் முன்சில்லுகள்தான் இழுக்கின்றன.

நீளம் 3,995 மில்லிமீற்றர், அகலம் 1,695. பதினேழு அங்குலச் சில்லுகளோடும் திரும்பு ஆரை 5 மீற்றர்தான். ஓட்டோக்களும் லொறிகளும் நெருக்கும் பெரியகடை வீதியில் ஓரிடம் அகப்பட்டால் போதும், முன்னும் பின்னும் எடுத்து மல்லுக்கட்டாமல் திருப்பிவிடலாம்.

தரை இடைவெளி 185 மில்லிமீற்றர். இதன் அருமை தெரிவது கட்டுக்கரைக் குளத்துப் பக்கம். மாரி மழைக்குப் பிறகு வயல் வீதிகளில் உழவு இயந்திரங்கள் இரு பக்கமும் ஆழத் தடம் பதித்துவிடும். நடுவில் மண் திட்டாக மேடு எழும்பி நிற்கும். தாழ்ந்த கார்களின் அடிவயிறு அந்தத் திட்டில் உரசும். ரெய்ஸ் நிதானமாக ஓட்டினால் தப்பிவிடும். ஆனால் சேற்றிலும் கடற்கரை மணலிலும் இறக்கிப் பார்க்கும் வாகனம் இது அல்ல. முன்சில்லுகள் புதைந்தால் பின்சில்லுகளால் ஓர் உதவியும் இல்லை. நாற்சில்லு இயக்கம் வேண்டுமானால் டர்போ வகையைத் தேட வேண்டும்.

இனி எஞ்சின். பெற்றோல் வகை 87 குதிரை வலுவும் 113 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருகிறது. எண்கள் சிறியவைதான். ஆனால் வாகனத்தின் எடை ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. மன்னாரில் ஏற்றமும் இல்லை. நான்கு பேரோடு ஏசியைப் போட்டுக்கொண்டு லொறியொன்றை முந்தும்போதுதான் எஞ்சின் மூச்சுவாங்குகிறது.

ஹைபிரிட் வேலை செய்யும் விதமே வேறு. அதில் பெற்றோல் எஞ்சின் சில்லுகளைத் தொடுவதே இல்லை. மின்சாரம் உண்டாக்குவது மட்டும்தான் அதன் வேலை. சில்லுகளைச் சுழற்றுவது 106 குதிரை வலுவும் 170 நியூட்டன் மீற்றரும் கொண்ட மோட்டார். எடுத்த எடுப்பிலேயே முழு இழுவையும் கிடைக்கும். பெடலிலிருந்து காலைத் தளர்த்தினால் வேகம் தானாகக் குறைந்து, அந்த ஆற்றல் பற்றரிக்குத் திரும்பும். நின்று நின்று போகும் கொழும்பு நெரிசலில் இது பெரும் இலாபம்.

மன்னாரில் அப்படி நின்று போகும் இடங்கள் எத்தனை? தள்ளாடியிலிருந்து மதவாச்சிக்குப் போகும் ஏ-14, பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-32 இரண்டுமே நீண்டு சமதளமாகக் கிடக்கும் வீதிகள். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒரே சீராக ஓடினால் பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. பற்றரிக்குத் திரும்பி வரும் ஆற்றலும் சொற்பம். பெற்றோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்கும்போது ஏற்படும் இழப்போ தொடர்ந்துகொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜப்பானியச் சோதனையில் ஹைபிரிட் லீற்றருக்கு 28 கிலோமீற்றரும், பெற்றோல் வகை 20.7 கிலோமீற்றரும் காட்டின. மன்னாரிலிருந்து கொழும்புக்குச் சுமார் 310 கிலோமீற்றர். அந்த எண்களை அப்படியே எடுத்தாலும் ஒரு பயணத்தில் மிஞ்சுவது 4 லீற்றர். நகரத்து ஓட்டத்தையும் சேர்த்து எடுத்த சராசரி அது. நெடுவீதியில் மிச்சம் இன்னும் குறையும்.

இலேசான உடலும் 1,620 மில்லிமீற்றர் உயரமும் சேர்ந்தால் காற்றுக்கு வசதி. சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்போது பக்கக் காற்று வாகனத்தைத் தள்ளுவது ஸ்டியரிங்கில் தெரியும். இரு கைகளாலும் பிடித்து, வேகத்தைத் தணித்துத்தான் போக வேண்டும்.

தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியைப் பற்றி மன்னார்க்காரர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள இரட்டைக் கமரா வாகனங்களையும் மனிதர்களையும் இனங்காணும்படி அமைக்கப்பட்டது. விலங்குகள் அதன் கணக்கில் இல்லை. இரவில் நடுவீதியில் அசையாமல் நிற்கும் மன்னார்க் கழுதைகளுக்கு ஓட்டுநரின் கண்தான் காவல்.

உள்ளே இருவர் முன்னால் வசதியாக இருக்கலாம். பின்னால் கால் நீட்ட இடம் போதும். ஆனால் ஏசித் துவாரம் இல்லை. ஓகஸ்ட் வெயிலில் பின்னால் இருக்கும் பிள்ளைகளும் வயோதிபரும் குளிருக்குக் காத்திருக்க வேண்டும். டிக்கி 369 லீற்றர். அதன் பலகைக்குக் கீழே தனியறையும் உண்டு. பேசாலையில் வாங்கும் மீன் பெட்டியை மற்றச் சாமான்களோடு சேராமல் அங்கே வைக்கலாம்.

ஜப்பானுக்கென்று செய்த வானொலி இங்கே முழுமையாக உதவாது. அங்கே பண்பலை 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரை. நமது தமிழ் வானொலிகள் பல 100ஐத் தாண்டியே ஒலிக்கின்றன. அலைவரிசை மாற்றியைப் பொருத்துவது அல்லது புதிய செட் போடுவதே வழி. மன்னார்த் தீவில் வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சும் அடிக்க வேண்டும். உப்புக் காற்று முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஜப்பானில் ஏறத்தாழ 20 இலட்சம் யென்னுக்கு விற்கும் இந்த வாகனம், வரிகள் சேர்ந்து இங்கே ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அவ்வளவு பணம் கொடுக்கிறவர் ஒரு செய்தியை மறக்கக்கூடாது. 2023 மே மாதத்தில் ரெய்ஸ், ரொக்கி ஹைபிரிட்களின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை டைஹட்சு ஒப்புக்கொண்டு விற்பனையை நிறுத்தியது; பின்னரே அது மீண்டும் தொடங்கியது. பாவித்த ஹைபிரிட் பார்ப்பவர்கள் உற்பத்தி மாதத்தை விசாரிப்பது நல்லது.

வவுனியாவிலோ கொழும்பிலோ நாளும் நெரிசலில் ஓடுபவருக்கு ஹைபிரிட் கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது. தீவிலிருந்து முருங்கனுக்கும் மடுவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் குடும்பத்துக்குச் சாதாரண பெற்றோல் ரெய்ஸ் போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல டயர்களும் துருத்தடுப்புப் பூச்சும் போட்டுக்கொள்ளலாம்.