என் ஓட்டு என்லிங்க்குக்கு

கோப்பின் விவரங்களைச் சொல்லும் ஸ்டாட் அழைப்பை ரசிக்கிறவர்களில் பாதிப் பேர் மோடைத்தான் கொண்டாடுவார்கள். ஒரே எண்ணின் மேல் நான்கு பிட்டில் கோப்பின் வகை, கீழ்ப் பன்னிரண்டில் அனுமதிகள். ஆக்டலில் அச்சிட்டால் 100644 என்று கச்சிதமாக வந்து நிற்கும். அழகுதான், மறுக்கவில்லை. எம்டைம் கட்சியும் உண்டு, மேக்ஃபைல் எழுதியே தலை நரைத்தவர்கள். என் ஓட்டு என்லிங்க்குக்கு, ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் என்று சொல்லும் எண்ணுக்கு.

கெர்னிகன்-ரிட்சி புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தில், டைரக்டரியைப் பட்டியலிடும் எஃப்சைஸ் நிரலுக்கு முன்னால் ஸ்டாட் நிரப்பித் தரும் ஸ்ட்ரக்ட் இருக்கிறது. தஞ்சாவூரில் நான் படித்த காலத்தில் லேபில் கரன்ட் போனால் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். பாடம் நடத்தியவர் சைஸையும் மோடையும் விளக்கிவிட்டு என்லிங்க்கைத் தாண்டிப் போய்விட்டார். 1971 நவம்பர் தேதியிட்ட யூனிக்ஸ் முதல் கையேட்டிலேயே இடம்பிடித்த ஆசாமி அது. அதே கையேட்டில் கோப்பு பிறந்த நேரமும் இருந்தது. பிறகு காணாமல் போய், லினக்ஸில் 2017இல்தான் ஸ்டாட்எக்ஸ் வழியாகத் திரும்பியது. சிடைமைப் பிறந்த நேரம் என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

இந்த விவரங்களை வைத்திருக்கும் ஐநோட்டில் கோப்பின் பெயர் கிடையாது. டெல்டாக்காரனுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. சிட்டாவில் ஆள் பெயரைப் பிடித்துப் புல எண்ணுக்குப் போகலாம். அ-பதிவேடு புல எண் வரிசையில் நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று சொல்லும். டைரக்டரிதான் சிட்டா, ஐநோட்தான் அ-பதிவேடு. வயலில் கால் வைக்காமலே விவரம் கிடைத்துவிடும். கோப்பைப் படிக்க அனுமதி இல்லாதவனுக்கும் ஸ்டாட் பதில் சொல்லும். போகும் வழியிலுள்ள டைரக்டரிகளில் நுழையும் உரிமை இருந்தால் போதும். ஆனால் அ-பதிவேட்டில் பட்டாதாரர் பெயரும் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஐநோட்டில் அதுவும் இல்லை, எத்தனை பெயர்கள் என்ற கணக்கு மட்டும்தான்.

அந்தக் கணக்கு பூஜ்யமாகும்போதுதான் ருசியே. லாக் கோப்பை அழித்துவிட்டோம், டிஎஃப் இன்னும் டிஸ்க் நிறைந்தே இருக்கிறது என்கிறது, டியூ கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் கோப்பை மூடவில்லை. அந்த நிரலுக்குள்ளிருந்து எஃப்ஸ்டாட் செய்தால் சைஸ் பல ஜிபி, என்லிங்க் 0. கடைசிக் கைப்பிடி மூடினால்தான் இடம் விடுபடும். இதையே வசதியாக்கிக்கொண்டு, தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அன்லிங்க் செய்துவிடுவார்கள் பழைய ஆட்கள். நிரல் பாதியில் செத்தாலும் குப்பை சேராது.

டைரக்டரிக்கு இன்னொரு கணக்கு. தன் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் ஒற்றைப் புள்ளி ஒன்று, ஒவ்வொரு உள் டைரக்டரியின் இரட்டைப் புள்ளிக்கும் ஒன்று. ஆகவே என்லிங்க்கில் இரண்டைக் கழித்தால் உள் டைரக்டரிகள் எத்தனை என்று தெரிந்துவிடும். ஃபைண்ட் கட்டளை இதை நம்பியே, அத்தனையையும் பார்த்து முடித்ததும் மிச்சம் டைரக்டரி இல்லை என்று முடிவுகட்டி, ஸ்டாட் அழைப்புகளை மிச்சம் பிடித்தது. இப்போது பிடிஆர்எஃப்எஸ்ஸில் எந்த டைரக்டரியைக் கேட்டாலும் 1 என்கிறது. காரணம் இருக்கலாம், எனக்கு அது மரியாதைக் குறைவாகவே படுகிறது.

அதைவிடப் பெரிய குறை இன்றைய பழக்கம். சி நிரலுக்குள் பிஓபன் போட்டு எல்எஸ் வெளியீட்டை வாங்கி, இடைவெளி பார்த்து வெட்டிச் சைஸை எடுக்கிறார்கள். யாராவது கோப்புக்கு ‘சம்பா கணக்கு’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் அதே பாணியில் எடுக்கும் பெயர் ‘சம்பா’வோடு நின்றுவிடுகிறது. இன்னும் சிலர் ஸ்டாட் செய்துவிட்டு அப்புறம் ஓபன் செய்கிறார்கள். நடுவில் கோப்பை எவனாவது மாற்றி வைத்துவிட்டால்? முதலில் திறந்து, பிறகு எஃப்ஸ்டாட் செய்தால் கையில் இருப்பதைப் பற்றித்தான் பதில் வரும்.

நல்ல கையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குனூ டியூவின் மூல நிரலைத் திறக்கலாம். ஒரே கோப்பை இரண்டு பெயரில் கண்டு இரண்டு தடவை கூட்டிவிடக் கூடாது. அதற்காகப் பார்த்த ஐநோட்டை எல்லாம் நினைவில் வைத்தால் மெமரி தாங்காது. சாதாரணக் கோப்பாக இருந்தால் என்லிங்க் 1ஐத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. தாண்டினால் குறித்து வைக்கிறது, இல்லையென்றால் மறந்துவிடுகிறது.