உத்தரவாதம் யாரைக் கட்டுப்படுத்தும்?

1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேம் 2002 செப்டம்பரில் லிஸ்பனில் பிடிபட்டபோது, இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தமே கிடையாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ காத்திருக்கும் நாட்டுக்கு, உரிய உத்தரவாதம் இல்லாமல் எவரையும் அனுப்ப போர்ச்சுகலின் அரசமைப்புச் சட்டம் இடம் தராது. அந்த டிசம்பரில், துணைப் பிரதமராக இருந்த எல்.கே. அத்வானி எழுத்து மூலம் உறுதி அளித்தார்: தூக்கு இல்லை, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையும் இல்லை. 2005 நவம்பரில் சலேம் இந்தியா வந்து சேர்ந்தார்.

இத்தகைய நிபந்தனைகள் குற்றவாளிக்குத்தான் சாதகம் என்ற கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. 1993 மும்பை குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்தார்கள். 2017-இல் அதே வழக்கில் இருவருக்கு மரண தண்டனை கிடைத்தது, சலேமுக்கு ஆயுள். உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு வலிக்கும். ஆனால் அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவரை மும்பை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கவே முடியாது. பேரத்தின் இந்தப் பகுதியில் நான் குறை காணவில்லை.

குறை, கொடுத்த வாக்கு யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில் இருக்கிறது. வாக்குக் கொடுப்பது அரசு. தண்டனை விதிப்பது நீதிமன்றம். எந்தக் குற்றங்களுக்காக ஒருவரைக் கேட்டு வாங்கினோமோ, அவற்றுக்காக மட்டுமே விசாரிக்க வேண்டும் என்பது இவ்வகை ஒப்படைப்பின் அடிப்படை விதி. சலேம் மீது கூடுதல் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டதால் நிபந்தனை மீறப்பட்டது என்று 2011-இல் லிஸ்பன் நீதிமன்றம் ஒப்படைப்பையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது நமது உச்ச நீதிமன்றம். ஆனாலும் 2013-இல், சில குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற சிபிஐக்கு அனுமதி கொடுத்தது. 25 ஆண்டு வரம்பிலும் இதே இழுபறி. நீதிமன்றங்கள் அந்த உறுதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்று அரசுத் தரப்பு வாதாடியது. 25 ஆண்டுகள் முடிந்ததும் விடுவிக்கும்படி குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை கூற மத்திய அரசு கடமைப்பட்டது என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே குழப்பம் தீர்ந்தது. உறுதி கொடுத்து இருபது ஆண்டுகள் கழித்து, அதன் பொருளை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

தண்டனையின் அளவையாவது தாளில் எழுதிக் கொடுக்கலாம். சிறைக்குள் ஒரு கைதி எப்படி நடத்தப்படுவார் என்பதை எப்படி நம்ப வைப்பது? தொழிலதிபர் விஜய் மல்லையாவை ஒப்படைக்கக் கோரிய வழக்கில், மும்பை ஆர்தர் ரோடு சிறை அறையை வீடியோ எடுத்து அனுப்பும்படி 2018-இல் லண்டன் நீதிபதி கேட்டார். அந்த வழக்கில் இந்தியா வென்றது. 2025 பிப்ரவரியில் நிலைமை வேறு. திகார் சிறையில் பணம் பறிப்பும் வன்முறையும் நேரும் அபாயம் உண்டு என்று சொல்லி, ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா, இன்றுவரை அதற்கு ஏற்பளிக்கவில்லை. அப்படியிருக்க, வழக்குக்கு வழக்கு எழுதித் தரும் கடிதங்களுக்கு எத்தனை காலம் மதிப்பிருக்கும்?

நமது 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 34-சி பிரிவு மரண தண்டனையை ஆயுளாகக் குறைக்கிறது. சிறைக்கால வரம்பு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அரசு தரும் வரம்பு விசாரணை நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும்படி அந்தப் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். சித்திரவதைத் தடை உடன்படிக்கையையும் ஏற்க வேண்டும். உச்ச நீதிமன்றக் கணக்கின்படி சலேமின் 25 ஆண்டுகள் 2030 அக்டோபரில் முடிகின்றன. அதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.