பார்வைக்கும் தீர்ப்புக்கும் இடையே: பால்மர் லக்கியின் தொழில் வாழ்வு

வடசென்னையில் டோல்கேட்டைக் கடந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் அங்குள்ள என்ஃபீல்டு தொழிற்சாலையை அறிவர். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துத் தாய் நிறுவனமும் 1955-இல் கூட்டுச் சேர்ந்ததன் விளைவு அது. எல்லைக் காவலுக்கென இந்திய இராணுவம் புல்லட் வண்டிகளை வாங்க முன்வந்ததனால்தான் அத்தொழில் இம்மண்ணில் வேரூன்றியது. தாய் நிறுவனமோ அதற்கும் வெகு முன்பே அரசின் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தது. ‘துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது’ என்பதே அதன் விளம்பர வாசகம். அத்தகைய வண்டியில்தான் இன்று நம் இளைஞர்கள் லடாக் வரை உல்லாசப் பயணம் போய் வருகின்றனர். பாசறைக்கும் பொழுதுபோக்குக்கும் இடையே பொருள்கள் இப்படி இடம் மாறுவது புதிதன்று.

அமெரிக்கத் தொழில் முனைவர் பால்மர் லக்கியின் வரலாற்றைப் பத்திரிகைகள் இதற்கு நேர் எதிர்த்திசைப் பயணமாகவே சொல்லி வருகின்றன: விளையாட்டுக் கருவி செய்த சிறுவன் ஆயுத வணிகன் ஆனான் என்று. இச்சித்திரம் பிழையானது என்பது நம் கருத்து.

1992-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பிறந்த லக்கி பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே கற்றவர். பெற்றோரின் வாகனக் கொட்டகையில், தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவிகளைப் பிரித்தும் சேர்த்தும் பழகினார். அவர் கண்ட நுட்பம் எளியது, ஆனால் கூரியது. அதுவரை இக்கருவிகள் விலையுயர்ந்த ஆடிகளை நம்பியிருந்தன. லக்கி கைப்பேசித் திரையின் முன் மலிவான ஆடியை வைத்தார். அது உருவத்தை வளைத்துக் காட்டும் குறையை, படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்துக் கணினியால் ஈடு செய்தார். ஆக்குலஸ் நிறுவனம் 2012-இல் பிறந்தது. 2½ இலட்சம் டாலர் வேண்டிப் பொதுமக்களிடம் விடுத்த கோரிக்கைக்கு 24 இலட்சம் டாலர் குவிந்தது. 2014-இல் ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2016 தேர்தல் காலத்தில் ஹிலாரி கிளிண்டனுக்கு எதிரான ஓர் அமைப்புக்கு அவர் 10,000 டாலர் கொடுத்தது வெளியாகிப் பெரும் கூச்சல் எழ, 2017 மார்ச்சில் ஃபேஸ்புக்கை விட்டு விலகினார். அதே ஆண்டில் அண்டுரில் என்னும் ஆயுத நிறுவனம் தோன்றியது.

விளையாட்டிலிருந்து போருக்கு என்று இதைச் சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆக்குலஸுக்கு முன் லக்கி பணியாற்றியது தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில். 1999-இல் அமெரிக்க இராணுவத்தின் நிதியில் உருவான நிறுவனத்தைச் சேர்ந்தது அது. ஈராக்கிலிருந்து மனம் நொறுங்கித் திரும்பிய வீரர்களுக்கு, அவர்கள் கண்ட போர்க்களத்தையே மெய்நிகராக மீளக் காட்டிச் சிகிச்சை அளிக்கும் முயற்சி அங்கு நடந்துவந்தது. தலையணிக் காட்சிக் கருவியின் முன்னோடியை 1968-இல் செய்து காட்டிய ஐவன் சதர்லாண்டும் அதற்கு முன் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர்தாம். ஆக, இத்தொழில்நுட்பம் பாசறையில் பிறந்து, சில ஆண்டுகள் விளையாட்டறையில் தங்கி, தாய்வீடு திரும்பியிருக்கிறது. லக்கி கட்சி மாறவில்லை. வந்த வழியே போனார்.

போக்குவரத்தையே குற்றமாக்குவதும் நமக்கு உடன்பாடன்று. இராமேசுவரத்து அப்துல் கலாம் ஏவுகணைக்கென உருவான இலேசான கூட்டுப் பொருளை ஐதராபாத் மருத்துவமனையின் ஊனமுற்ற சிறுவர்களுக்குக் காற்தாங்கியாக மாற்றிக் கொடுத்ததும், கிலோக் கணக்கில் கனத்ததைச் சில நூறு கிராமாகக் குறைத்ததும் நாம் அறிந்தவை. புல்லட் வண்டியாயினும் காற்தாங்கியாயினும் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. லக்கியின் கருவிகள் வேறுபடுவது இங்கேதான்.

இதனை விளங்கிக்கொள்ளப் பஸராவில் 965-இல் பிறந்த இப்னுல் ஹைதமிடம் செல்வது தகும். தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் அவர் பார்வையை இரண்டாகப் பிரிக்கிறார். கண்ணில் விழும் ஒளியையும் நிறத்தையும் உணர்வது வெறும் புலனுணர்வு. தொலைவு, அளவு, வடிவம், இது இன்ன பொருள் என்பன யாவும் பகுத்தறியும் ஆற்றலின் பணி. அது நொடிப்பொழுதில் நிகழ்வதால், தீர்ப்பு வழங்கியிருக்கிறோம் என்பதையே நாம் உணர்வதில்லை. தொலைவும் ஒளியும் நேரமும் உரிய அளவில் அமையாதபோது தீர்ப்பு பிழைபடும் என்று காட்ட மூன்றாம் பாகம் முழுவதையும் ஒதுக்கினார்.

ஆக்குலஸ் செய்தது முதற்பகுதியில் குறுக்கிடுவது: கண்ணுக்கு வேறொரு ஒளியைக் கொடுத்து, தீர்ப்பை மனிதனிடமே விட்டது. அவன் ஏமாற உடன்பட்டே அதை அணிந்தான். அண்டுரிலின் லாட்டிஸ் என்னும் மென்பொருள் இரண்டாம் பகுதியில் குறுக்கிடுகிறது. கோபுரங்களிலும் ஆளில்லா வானூர்திகளிலும் உள்ள கேமராக்களும் ரேடார்களும் தரும் தகவல்களை ஒன்றுசேர்த்து, ‘இது மனிதன், இது வாகனம், இது விலங்கு’ என்று பெயரிட்டே பார்ப்பவர்முன் வைக்கிறது. மெக்சிகோ எல்லையில் இது முதலில் பயன்பட்டது. அங்கே தீர்ப்புக்கு உள்ளாகிறவர் எதற்கும் உடன்பட்டவர் அல்லர்.

நிறுவனத்தின் பெயர் டோல்கீனின் கதையில் வரும் வாளின் பெயர். ‘மேற்கின் சுடர்’ என்பது பொருள். நிறுவியவர்களில் சிலர் முன்பு பணியாற்றிய பாலன்டிர் நிறுவனமும் அதே கதையின் தொலைநோக்குக் கற்களால் பெயர் பெற்றது. அக்கல் பொய்யைக் காட்டுவதில்லை, உண்மையிலேயே சிலவற்றை மட்டும் காட்டி நல்லறிவுடைய ஒருவனையும் நிலைகுலையச் செய்துவிடுகிறது. பெயர் சூட்டியோர் கதையை முழுவதும் படித்தனரா என்ற ஐயம் நமக்கு உண்டு.

லக்கியின் தரப்பை அதன் வலிமையோடு எடுத்துக்கொள்வோம். பழைய ஆயுத நிறுவனங்கள் செலவுக்கு மேல் இலாபம் என்னும் ஒப்பந்தத்தில் காலத்தை நீட்டித்தன. அண்டுரில் சொந்த முதலில் செய்து முடித்து, பின்னர் விலை சொல்கிறது. இது நேரிய வணிகமே. அறம் பற்றிக் கேட்போருக்கு அவர் கூறும் விடையும் மேலோட்டமானதன்று: பள்ளிப் பேருந்தையும் பீரங்கி வண்டியையும் பிரித்தறியாத கண்ணிவெடியில் என்ன அறம் இருக்கிறது, பிரித்தறியும் கருவி அதனினும் மேலல்லவா என்கிறார்.

கேட்டவுடன் வாயடைக்கும் வாதம்தான். ஆனால் கண்ணிவெடிக்கு உலகம் கண்ட மருந்து அறிவுள்ள கண்ணிவெடி அன்று. 1997-இன் ஒட்டாவா உடன்படிக்கை வழியாகத் தடையே. அமெரிக்காவும் இந்தியாவும் அதில் சேரவில்லை. உக்ரைன் போருக்குப் பின் சில ஐரோப்பிய நாடுகள் 2025-இல் விலகவும் முற்பட்டன. ஆயினும் பிரித்தறியாமையே அதன் குற்றம் என்று கண்டு, ஏறத்தாழ 160 நாடுகள் அக்கருவியைக் கைவிட்டன. லக்கி அக்குற்றத்தைச் சான்றாகக் காட்டித் தம் கருவிக்கு இசைவு கேட்கிறார்.

‘இறுதி முடிவு மனிதருடையதே’ என்ற உறுதிமொழியையும் எடைபோட வேண்டும். காஸாவில் இஸ்ரேலியப் படை பயன்படுத்திய லாவண்டர் என்னும் கணினிமுறை பற்றி இஸ்ரேலியச் செய்தியாளர்களே 2024 ஏப்ரலில் எழுதினர். இயந்திரம் சுட்டிய பெயர் ஒவ்வொன்றையும் சரிபார்க்க அதிகாரிக்கு ஏறத்தாழ 20 நொடிகளே செலவாயின என்பது அவர்கள் திரட்டிய வாக்குமூலம். இஸ்ரேலியப் படை அச்செய்தியை ஏற்கவில்லை. அது அண்டுரிலின் படைப்பன்று. ஆனால் அச்செய்தி சொல்வது மெய்யாயின், இப்னுல் ஹைதம் கேட்ட நேரம் அந்த 20 நொடியில் இல்லை.

இவ்வாழ்வில் நம்மை நெடுநேரம் நிறுத்திய நிகழ்வு 2022 நவம்பரில் நடந்தது. ஜப்பானியக் கதையொன்றை நினைவுகூர்ந்து, விளையாட்டில் தோற்றால் அணிந்தவரையே கொல்லும் தலையணியைச் செய்திருப்பதாக லக்கி எழுதினார். திரை குறிப்பிட்ட வேகத்தில் சிவப்பாக மின்னுவதை ஓர் ஒளியுணரி கண்டதும் நெற்றியின்மீது வெடிபொருள் வெடிக்குமாம். தாமே அணியத் துணியவில்லை என்றும், இப்போதைக்கு அது அலுவலகக் கலைப்பொருள் என்றும் சேர்த்துக்கொண்டார். பலர் வேடிக்கையாகவும் சிலர் கிறுக்காகவும் கொண்டனர். நமக்கோ அது அவருடைய மிக நேர்மையான படைப்பாகத் தோன்றுகிறது. ஒரு நிறத்தின் மினுக்கத்தை மரணம் என்று பொருள்கொள்ளும் உணரி, இடையில் கேள்வி கேட்க எவரும் இல்லாத வெடி என்னும் இரண்டே உறுப்புகள் அதில் உள்ளன. அதனை அணிய அதன் ஆசிரியரே அஞ்சினார்.

இரு தொழில்களும் 2025-இல் வெளிப்படையாக ஒன்றாயின. 2,190 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்டு, வீரர்களின் தலைவலிக்கும் குமட்டலுக்கும் பேர்போன மைக்ரோசாஃப்டின் போர்க் கண்ணாடித் திட்டம் பிப்ரவரியில் அண்டுரிலின் பொறுப்புக்கு வந்தது. மே மாதத்தில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே அவருடன் கைகோத்தது. ஜூனில் அண்டுரிலின் மதிப்பு 3,050 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. இனி வீரனின் கண்ணில் படும் ஒளியும் அதற்கான பெயரும் ஒரே தலைக்கவசத்திலிருந்து வரும்.

இது தொலைதூரச் செய்தி அன்று. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கியது. அதன் ஐந்து மையங்களுள் சென்னையும் ஒன்று. நம் சமுதாயக் கல்லூரிகளில் மின்னணுவியலும் கணினியியலும் கற்று வெளிவரும் பிள்ளைகளை இத்தொழிலின் வேலைவாய்ப்பு தேடி வரும். தானியங்கிக் கொலைக் கருவிகள் பற்றி உறுப்பு நாடுகளின் கருத்தைத் திரட்டக் கோரும் தீர்மானம் 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. அவற்றுள் அமெரிக்காவும் உண்டு. எதிர்த்தவை 4. அந்நான்கில் இந்தியாவும் ஒன்று.