‘தடம் புரண்டது’ என்னும் வழக்கு

திட்டமிட்ட வழியிலிருந்து ஒரு காரியம் விலகிப்போனால், ‘தடம் புரண்டது’ என்று எழுதுவது தமிழ் இதழ்களில் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் ரயிலோடு வந்த உருவகம் இது. தென்னிந்தியாவில் 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. நெறி பிறழ்தல், வழி தவறுதல், வழுவுதல் எல்லாம் அதற்கு முன்பே தமிழில் இருந்தவை. தடம் என்பதும் பழைய சொல்லே. ஆனால் அது கால் பட்டுத் தேய்ந்த வழி, இரும்புப் பாதை அன்று. புரள்வது வண்டிதானே, தடமா என்று கேட்கலாம். ‘தடத்திலிருந்து’ என்பது சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகத் தொடரைத் தள்ளுவது வீண் கெடுபிடி.

அதன் வலு காட்சியில் இருக்கிறது. ‘வழி தவறியது’ என்றால் திரும்பி வரலாம் என்று தோன்றும். ‘தடம் புரண்டது’ என்றால் ஓட்டமே நின்றுபோன சேதம் கண்முன் நிற்கும். இரண்டே சொல் என்பதால் தலைப்புக்கும் பொருந்தும்.

குறை வினையில் இருக்கிறது. ‘புரண்டது’ தன்வினை, செய்தவரைக் கேட்காது. கோவை அருகே உள்ள சோமனூரின் விசைத்தறிக் கூலிப் பிரச்சினையில் இது தெளிவாகத் தெரியும். கூலிக்குக் காடாத் துணி நெய்து கொடுக்கும் விசைத்தறியாளர்களுக்கும் பாவும் ஊடையும் தரும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் இடையே 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு நடந்தது. சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடு, பிற ரகங்களுக்கு 20 விழுக்காடு உயர்வு என அறிவிப்பு வந்தது. உயர்வு கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. பிறகு 19, 15 விழுக்காடு என முடிவாயிற்று. இதை ‘உடன்பாடு தடம் புரண்டது’ என்று எழுதினால், தர வேண்டியவர் தராததும் யாரும் செய்யாத விபத்துப் போல ஆகிவிடும்.

உண்மையில் ரயில் கவிழ்ந்தால் இந்த மறைப்புக்கு இடமில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, பாலம் ஏன் தாங்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். உருவகம் விபத்தை எடுத்துக்கொண்டது, விசாரணையை விட்டுவிட்டது.

சிறு விலகலுக்கும் இது ஒத்துவராது. பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தறியை மீண்டும் ஓட்டுவார்கள். அதைப் போன்ற ஒருநாள் தாமதத்தைக்கூடத் தடம் புரண்டதாக எழுதினால், பெரிய சேதத்துக்குச் சொல் மிஞ்சாது. ‘தடம் புரளச் செய்தனர்’ என்ற பிறவினை வடிவமும் உண்டு. அதற்குச் செய்தவரே எழுவாயாக வேண்டும் என்பதாலோ என்னவோ, தலைப்புகளில் அது அருகியே வருகிறது.