ஏழு தாய்மார்கள்: கதை எது, அறிவியல் எது?

ஐரோப்பியரில் பெரும்பாலோர் தாய்வழியில் ஏழே பெண்களின் வழித்தோன்றல்கள் என்கிறது 'ஏவாளின் ஏழு மகள்கள்' என்னும் நூல். எழுதியவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ், வெளிவந்தது 2001-ல். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் நிறையைச் சொல்வோம். நம் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு. அதில் 16,569 எழுத்துகள். மகனும் மகளும் அதைத் தாயிடமிருந்தே பெறுகிறார்கள். ஆனால் மகள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தருகிறாள். எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அம்மாற்றங்களைக் கொண்டு தாய்வழிக் கிளைகளை வரையலாம். இதைச் சைக்ஸ் மாணவரும் புரிந்துகொள்ளும்படி விளக்குகிறார்.

குறை எங்கே? கிளை ஒவ்வொன்றின் தாய்க்கும் பெயரும் ஊரும் காலமும் கற்பித்துக் கதை எழுதிவிடுகிறார். 'டி' கிளையின் தாரா 17,000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் டஸ்கனியில் வாழ்ந்தாளாம்! டி.என்.ஏ.வில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டில்லை. இன்றைய மக்களிடம் காணும் பரவலைக் கொண்டு செய்த ஊகம் அது. பிற்பாடு பழைய எலும்புகளே சாட்சி சொல்லின. மத்திய ஐரோப்பிய வேட்டைக்காரர்களிடம் பெரும்பாலும் 'யு' கிளையே இருந்ததென 2009-ல் தெரிந்தது. 'டி', 'கே' கிளைகள் அங்கே பெரும்பாலும் உழவர்களோடு வந்தவை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ரஷ்யாவின் கோஸ்டென்கியில் கிடைத்த, சுமார் 38,000 ஆண்டுப் பழமையான எலும்பில் 'யு2' கிளை இருந்தது. ஹரியானாவின் ராக்கிகடியில் புதையுண்ட சிந்துவெளிப் பெண்ணிடமும் அதே கிளை, 2019-ல் அறிவித்தார்கள். உடனே அவளை ஐரோப்பியள் என்றுவிடலாமா? கூடாது. யு2-வின் இந்தியக் கிளைகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் 'எம்' கிளையினர். அது சாதி, பழங்குடி வேறுபாடின்றி எங்கும் பரவியுள்ளது.

எங்கள் ஆரணித் தறியைப் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழையை உருவிக்காட்டி, 'இதுதான் சேலை' என்றால் நெசவாளர் சிரிப்பார். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. தாய்வழி காட்டுவது அதில் ஒன்றை மட்டுமே. அந்த ஒன்றை வைத்துக் குலப்பெருமை பேசுவோரிடம், 'மற்ற 1,023 பேர் யார்?' என்று கேளுங்கள்.

நூலைப் படியுங்கள். தாய்மார்களின் வாழ்க்கைக் கதைகளை மட்டும் நாவலாகக் கொள்ளுங்கள்.