மோட்டார் சைக்கிளில் வந்த அருள்

நம் பக்தி ஏடுகளில் சாட்சியக் கதைகளுக்குக் குறைவில்லை. தொலைந்த சான்றிதழ் திரும்பக் கிடைத்தது. தவறவிட்ட பேருந்து விபத்துக்குள்ளானது. கைவிட்ட நோயாளி எழுந்து நடந்தார். இத்தகைய எழுத்தை நாம் இகழவில்லை. நன்றி கூறுதல் நற்பண்பே. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. முடிவு நன்மையாக அமைந்த பின்னரே அதில் இறைவனைக் காண்கிறோம். எந்தத் துன்பத்தையும் தீர்க்காமல், எதிர்பாராது வந்து போகும் ஒரு மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது?

இவ்வினாவோடுதான் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஒரு கிராமப் பங்குக்குருவின் நாட்குறிப்பு' என்னும் புதினத்தை மீண்டும் கையில் எடுத்தோம். வடபிரான்சின் அம்பிரிகூர் என்ற சிற்றூரில் பணியேற்கும் இளங்குரு ஒருவரின் தோல்விகளே அதன் கதை. ஊரார் அவரை ஏற்கவில்லை. வயிற்று நோயால் வேறு உணவு செல்லாமல், திராட்சை இரசத்தில் நனைத்த ரொட்டியைத் தின்று நாள் கடத்துகிறார்; ஊரோ அவரைக் குடிகாரர் என்கிறது. செபிக்க இயலாத இரவுகளையும் அவர் மறையாது எழுதி வைக்கிறார்.

இத்துணை இருளுக்கிடையே, நூல் முடிவை நெருங்கும் வேளையில், ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. ஊர்ப் பிரபுவின் குடும்பத்து உறவினனான ஒலிவியே என்னும் படைவீரன் அவரைச் சாலையில் கண்டு, பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்கிறான். ஏறிக்கொள்கிறார். நிகழ்ச்சி அவ்வளவே. முன்பு வாசித்தபோது நாமும் இப்பக்கங்களை விரைந்து கடந்துவிட்டோம். ஆனால் அந்த வேகத்திலும் காற்றிலும்தான், தாம் இன்னும் இளைஞர் என்பது அவருக்குத் தெரியவருகிறது. ஏழ்மையில் பிறந்து, குருமடத்தில் வளர்ந்த அவரை எவரும் அதுவரை ஒத்த வயதுத் தோழனாக எண்ணியதில்லை. ஒலிவியே எண்ணுகிறான்.

அடுத்து நிகழ்வதென்ன? குரு லீல் நகருக்குச் சென்று மருத்துவரைக் காண்கிறார். இரைப்பையில் புற்றுநோய் என்று அறிகிறார். குருத்துவத்தைக் கைவிட்ட பழைய தோழர் ஒருவரின் வீட்டில் உயிர்விடுகிறார். அச்சவாரி நோய்க்கு மருந்தாகவில்லை, பட்ட பாட்டுக்குக் கூலியுமாகவில்லை. தாம் காணிக்கையாக்குவது இன்னதென்று அறிந்தே கொடுக்க வேண்டும், அதற்காகவே இளமையின் சுவை தமக்கு ஒருமுறை காட்டப்பட்டது என்று அவர் கருதுகிறார். திருப்பலியில் நாள்தோறும் அப்பத்தைக் கையிலேந்தியவருக்கு இயல்பான எண்ணந்தான். எனினும் இவ்விளக்கம் சற்று விரைந்து வந்துவிடுகிறது என்பது நம் குறை. முகத்தில் பட்ட காற்று அடங்குமுன் இறையியல் வந்து அமர்கிறது. ரொபேர் பிரெஸ்ஸோன் 1951இல் இக்கதையைத் திரைப்படமாக்கினார். அதில் வண்டியின் பின்னிருக்கையில் குருவின் முகத்தில் அரும்பும் புன்னகை நமக்கு இன்னும் மிகுதியாகச் சொல்கிறது.

விளக்கம் குறுக்கிடாத இடமும் நூலில் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் குருவை எள்ளி நகையாடிய செராபித்தா என்ற சிறுமி, ஓர் இரவு அவர் வழியில் வீழ்ந்து கிடக்கக் காண்கிறாள். துணியை நீரில் நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். சிலுவைப்பாதையின் ஆறாம் தலத்தை நினையாமல் இப்பகுதியை வாசிக்கும் கத்தோலிக்கர் இரார். ஆயினும் அவள் புனிதையல்லள், குறும்புக்காரச் சிறுமிதான். பெர்னானோஸின் கலை இங்கே மோட்டார் சைக்கிள் காட்சியையும் விஞ்சி நிற்கிறது என்பது நம் கருத்து.

ஆனாலும் அந்தச் சவாரியை நாம் மறக்க முடியாமற்போனதற்குப் புதினத்துக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. பெர்னானோஸ் தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர். 1933இல் நேர்ந்த விபத்தொன்றில் அவர் கால் ஊனமுற்றது. அடுத்த ஆண்டு, ஆறு குழந்தைகளைக் கொண்ட குடும்பத்தோடு, வாழ்க்கைச் செலவு குறைவென்று மயோர்க்காத் தீவுக்குக் குடிபெயர்ந்தார். இந்நூலை அவர் எழுதியது அங்கேதான். அப்போது அவர் ஊன்றுகோல் ஊன்றி நடந்தவர்.